கேஸ் ஷீட்டில் உங்கள் கையெழுத்து: வாசகர் கேள்விகளுக்கு ஒரு செவிலியர் ஆசிரியையின் பதில்கள்

1986-ல் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். பாதி வாழ்க்கை வார்டில் போனது. மீதி, நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதில். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை, ஓசூரில் போட்டாலும் அரூரில் போட்டாலும் எங்களுக்கு அது ஒரே மாவட்டம்தான். இப்போது தருமபுரியில் ஓய்வில் இருக்கிறேன். முதல் வருடப் பிள்ளைகள் வார்டில் கண்டதையும் கேட்டதையும் எழுதி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. தொழில், சட்டம், நெறிமுறை என்று பாடப்புத்தகத்தில் ஓர் அலகு இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோகிற அலகு. இந்தக் கடிதங்களில் அதுவே ரத்தமும் சதையுமாக வந்து நிற்கிறது.

கேள்வி: மாலை 6 மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசியை 8 மணிக்குத்தான் போட்டோம். சீனியர் அக்கா, "6 மணின்னே எழுதிடு, யாருக்குத் தெரியப்போவுது" என்றார். எழுதிவிட்டேன். மனசு உறுத்துகிறது.
(மாணவி, பென்னாகரம்)

பதில்: கண்ணு, நாளைக் காலையிலேயே உன் டியூட்டரைக் கூட்டிக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ச் சொல்லிவிடு. எழுதிய தாளைக் கிழிக்காதே, வெள்ளை மை தடவாதே. பழைய எழுத்து படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் உண்மையான நேரத்தை எழுது. திருத்திய தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடு, சிஸ்டரும் போடட்டும். இரண்டு மணி நேரத் தாமதத்தைச் சரிசெய்துகொள்ளலாம். பொய் நேரத்தைத்தான் சரிசெய்ய முடியாது. 6 மணி என்று நீ எழுதியதை நம்பித்தான் அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் அடுத்த டோஸைப் போடுவார். அமிகாசின் மாதிரி மருந்தில் இடைவெளி சுருங்கினால் அடி வாங்குவது நோயாளியின் சிறுநீரகம்.

என் கதையையும் கேள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஆண்கள் மெடிக்கல் வார்டில் நைட் டியூட்டி. கட்டில் போதாமல் தரையிலும் பாய் போட்டு ஆட்கள். 11-ம் கட்டிலிலும் 12-ம் கட்டிலிலும் ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள்; நம் பக்கம் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற குலதெய்வப் பெயர். காலை ஆறரைக்கு இன்சுலினை ஏற்றிக்கொண்டு போய்ப் பெயரைச் சொல்லி, "நீங்கதானே தாத்தா?" என்றேன். "ஆமா தாயி" என்றார். போட்டுவிட்டேன். அவர் காய்ச்சலுக்கு வந்தவர். சர்க்கரைக்காரர் பக்கத்துக் கட்டில்.

ஏழரை மணிக்கு அவர் பனியன் பிழிகிற அளவு நனைந்திருந்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. ரத்தச் சர்க்கரையை உடனே பார்க்கும் குளுக்கோமீட்டர் எல்லாம் எங்கள் வார்டில் இல்லாத காலம். கேஸ் ஷீட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டியூட்டி டாக்டரிடம் ஓடி, "சார், ஆள் மாறி இன்சுலின் போட்டுட்டேன்" என்றேன். உடனே டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் திரவத்தை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் கண் தெளிந்து, "காப்பித் தண்ணி கெடைக்குமா?" என்றார். பயந்துகொண்டு நான் வாயை மூடியிருந்தால், காய்ச்சல் விட்டு வியர்க்கிறது என்று எல்லோரும் இருந்திருப்பார்கள். அவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

"சாப்பிடாததால மயக்கம்னு எழுதிடும்மா, உனக்கு நல்லது" என்று அன்றைக்கும் ஒருவர் சொன்னார். நடந்ததையே எழுதினேன். மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன். அந்தத் தாத்தாவிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ பக்கத்துக் கட்டில்காரனுக்குப் போட்டாச்சா?"

அதற்குப் பிறகு நான் யாரிடமும் "நீங்கதானே?" என்று கேட்டதில்லை. காய்ச்சலில் கிடப்பவர், காது மந்தமானவர், டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும் மரியாதை காட்டுபவர் எல்லோரும் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "உங்க பேர் என்னங்க? எந்த ஊர்? அப்பா பேர் என்ன?" என்று அவர்களையே சொல்லவைத்து, அதைக் கை டேக்கோடும் கேஸ் ஷீட்டோடும் ஒத்துப்பார்த்த பிறகுதான் சிரிஞ்சைத் தொடுவேன்.

கேள்வி: குச்சிக்கிழங்கு விற்ற காசில் மகளை நர்சிங் சேர்த்திருக்கிறேன். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் நர்ஸையும் ஜெயிலில் போடுவார்களா? சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
(விவசாயி, காரிமங்கலம்)

பதில்: அண்ணா, உங்களிடம் மழுப்ப விரும்பவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106-வது பிரிவுப்படி, அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் 5 ஆண்டுவரை சிறை. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்தது என்றால் 2 ஆண்டுவரை. இந்தக் குறைந்த தண்டனை மருத்துவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். செவிலியர் அதில் வரவில்லை. ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு அளவுகோல் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. செவிலியர் சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

ஆனால் தவறு நடந்தாலே ஜெயில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவர் ஒருவர் மீதான வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சாதாரணப் பிழையோ கணிப்புத் தவறோ குற்ற வழக்குக்குப் போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும், நடவடிக்கைக்கு முன் போலீஸ் சார்பற்ற மருத்துவக் கருத்தைக் கேட்க வேண்டும்.

இன்னொரு வழக்கை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனை, 1993 டிசம்பர். டைபாய்டு என்று சேர்த்த சின்னப் பையனுக்கு டாக்டர் சொன்ன ஆன்டிபயாடிக் ஒன்று. நர்ஸ் வாங்கிவரச் சொல்லி நரம்பில் ஏற்றியது மலேரியா ஊசி. பையனின் இதயம் நின்றது. உயிர் மீண்டது, மூளை மீளவில்லை. ஊசி போட்டவர் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர். பையனுக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீடு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 1998-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தகுதியில்லாதவரை வேலைக்கு வைத்த மருத்துவமனையும், பயிற்சியில்லாதவரிடம் விட்ட டாக்டரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை.

அதனால் மகளிடம் இதைக் கேளுங்கள்: "பாப்பா, வார்டுக்குப் போகும்போது டியூட்டர் கூட வர்றாங்களா? நைட் டியூட்டியில உங்களைத் தனியா விடறாங்களா?" படிக்கிற பிள்ளை மேற்பார்வை இல்லாமல் ஊசி போடக் கூடாது. சம்பளமில்லாத ஆளாகப் பிள்ளைகளை இராத்திரி வார்டில் நிறுத்தும் இடங்கள் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு அப்படி நடந்தால் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள். "சிஸ்டர், இது எனக்கு இன்னும் சொல்லித்தரல, கூட நில்லுங்க" என்று சொல்ல அவளுக்கு வீட்டிலிருந்தே தைரியம் கொடுங்கள்.

கேள்வி: ஒரு பாட்டியிடம் ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கி வரச் சொன்னார்கள். அவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. வாங்கிவிட்டேன். அது சரியா?
(மாணவி, தேன்கனிக்கோட்டை)

பதில்: சரியில்லை. ஆனால் உன்னை அனுப்பியவரின் தவறுதான் அதில் பெரிது. என்ன ஆபரேஷன், ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்பதை விளக்க வேண்டியது சிகிச்சை செய்யும் டாக்டர். நோயாளி புரிந்துகொண்டு சம்மதித்தார் என்பதற்குத்தான் நர்ஸ் சாட்சி. மாணவி சாட்சிக் கையெழுத்தே போடக் கூடாது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இது அன்றாடம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆஸ்பத்திரியில் தமிழ். சர்க்கரைப் புண்ணோடு வந்த ஓர் அம்மாவின் கேஸ் ஷீட்டில் கைநாட்டு இருந்தது. மறுநாள் காலை ஆபரேஷன். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், நாளைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டேன். "கட்டு மாருஸ்தாரண்டா" என்றார், கட்டு மாற்றுவார்களாம். செய்யவிருந்தது வலது காலின் இரண்டு விரல்களை எடுப்பது. கைநாட்டு மை காய்ந்திருந்தது. அந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது.

டாக்டரிடம் சொன்னேன். கோபப்பட்டார், பிறகு வந்தார். வார்டில் வேலை செய்த ஓர் அம்மாவுக்குத் தெலுங்கு தாய்மொழி. அவரை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தோம். அந்த அம்மா அழுதார், மகன் வரட்டும் என்றார். ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் சம்மதித்தார், யார் மொழிபெயர்த்தது, எந்த மொழியில் என்பதையும் சேர்த்துப் புதிய படிவம் எழுதினோம்.

2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பரிசோதனைக்காகப் பெற்ற சம்மதத்தை வைத்துக் கர்ப்பப்பையை எடுத்தது செல்லாது என்றது. அந்தப் பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் சம்மதம் கேட்டிருந்தார்கள். சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய, வயது வந்த பெண்ணுக்குப் பதிலாக, அவசரம் ஏதும் இல்லாதபோது அம்மா சம்மதிக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நம் ஊரில் "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கட்டிலில் கிடப்பவளிடம் முதலில் கேட்கப் பழகு.

கேள்வி: பிரசவத்துக்கு வந்த பெண் 19 வயது என்று சொன்னாள். தனியாக இருக்கும்போது, "பத்தாவது போன வருஷம்தான்க்கா எழுதினேன்" என்றாள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரிடமும் சொல்லவில்லை. தப்பா?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்ற மாணவி)

பதில்: உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன், கண்ணு. நம் இரண்டு மாவட்டத்திலும் லேபர் வார்டில் நின்ற எவளும் இதைத் தாண்டாமல் வந்திருக்க மாட்டாள்.

முதலில் சட்டம். 18 வயதுக்குக் கீழே உள்ள பெண்ணோடு உடலுறவு கொள்வது குற்றம். கல்யாணம் ஆனதா இல்லையா என்பது கணக்கில் வராது. மனைவியாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் போக வேண்டும். மறைத்தால் 6 மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாணவி என்பதற்காக விலக்கு கிடையாது. நீ செய்ய வேண்டியது, உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடமும் டியூட்டி டாக்டரிடமும் சொல்வது. மருத்துவமனையிலிருந்து முறைப்படி தகவல் போகும். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. தகவல் போகிறதோ இல்லையோ, பிரசவம் பார்ப்பது ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது.

வயதை மறைத்தால் அவளுக்கே ஆபத்து. பதினாறு வயது உடம்பில் ரத்தசோகையும், ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வருவதும் அதிகம். 19 என்று எழுதியிருந்தால் டாக்டர் பார்க்கும் பார்வையே வேறு.

இனி கஷ்டமான பகுதி. அவள் உன்னை நம்பிச் சொன்னாள். அவளுக்குத் தெரியாமல் நீ போய்ச் சொன்னால், இனி ஜென்மத்துக்கும் வெள்ளை உடுப்புக்காரி யாரையும் நம்ப மாட்டாள். அதனால் முதலில் அவளிடம் போ. வலி இடைவெளியில் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதை டாக்டர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்டா. உனக்கும் பாப்பாவுக்கும் பார்க்கிறதுல எதுவும் குறையாது. நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல். சொன்னபடி கூடவே இரு. சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைப் பேசாதே. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வது கடமை. மற்றவர்களுக்குச் சொல்வது துரோகம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்த நோயாளிக்கும் வாக்குக் கொடுக்காதே. உன்னால் காப்பாற்ற முடியாத வாக்கு அது.

மாமியார் என்ன சொல்லி அழுதிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். "என் பையன் உள்ள போயிட்டா இந்தப் பொண்ணுக்கும் பச்சப்புள்ளைக்கும் யாரு சோறு போடறது?" என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். கேசுக்குப் பயந்து எல்லை தாண்டிப் போய்ப் பிரசவம் பார்த்துக்கொண்டவர்களையும், மலையில் வீட்டிலேயே பெற்றுக்கொண்டு ரத்தம் ஒழுகத் தூக்கிவரப்பட்ட பெண்ணையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பயத்தை நீதிமன்றமும் ஓரளவு பார்த்திருக்கிறது: 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண் கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவல் கொடுக்கும் டாக்டர் அவளுடைய பெயர், அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரசவத்துக்கு வருகிறவளுக்கும் இப்படி ஏதாவது வழி பிறக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை வயதைப் பொய்யாக எழுத நம் கை போகக் கூடாது.

கேள்வி: பிறந்த குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நாங்கள் எடுத்த செல்ஃபியை ஸ்டேட்டஸ் வைத்தேன். டியூட்டர் திட்டினார். நல்ல விஷயம்தானே மேடம்?
(மாணவர், ஓசூர்)

பதில்: தம்பி, உன் சந்தோஷம் புரிகிறது. அழித்துவிடு, அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேள். பின்னால் கட்டிலும், கட்டில் எண்ணும், பாதி மூடிய இன்னொரு பெண்ணும் தெரிந்திருப்பார்கள். நீ கவனித்திருக்க மாட்டாய். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளம் வெளியே போனால் 2 ஆண்டுவரை சிறை. ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017 சட்டம் தடுக்கிறது. உன் படத்தின் மூலையில் யார் இருந்தார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? வார்டுக்குள் போகும்போது போன் பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஆண் குழந்தை பிறந்தால் 1000, பெண் குழந்தை என்றால் 500 என்று உறவினரிடம் வாங்குகிறார்கள். எனக்கும் 50 ரூபாய் திணித்தார்கள். எல்லோரும் வாங்கும்போது நான் மட்டும் மறுப்பதா?
(மாணவி, பாலக்கோடு)

பதில்: மறு. அந்த 50 ரூபாயை இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் அந்தக் குடும்பத்திடமே கொடு. அரசு மருத்துவமனை என்றால் அதற்குச் சட்டத்தில் பெயர் லஞ்சம். எனக்கு அதைவிட வலிப்பது அந்த 1000-க்கும் 500-க்கும் இருக்கிற வித்தியாசம். பெண் பிள்ளை பாதி விலை என்று, அது பிறந்த பத்தாவது நிமிடத்தில், மருத்துவமனைக்காரர்களே குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எந்த ஊரில்? பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, அது நம் தருமபுரிக்கும் வர வேண்டியிருந்த ஊரில். அந்தத் தொட்டிலை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கியது இது. குழந்தையைத் துடைத்ததும் முதலில் தாயிடம் காட்டி, "என்ன குழந்தைன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று அவள் வாயால் சொல்லவைப்போம். நேரம், எடை, டேக் எல்லாம் அவள் கண் முன்னால். வெளியே போய் முதலில் சொல்வது, "அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்காங்க." வயிற்றில் இருப்பது என்ன என்று சொல்வதற்கு 1994 சட்டத்தில் 3 ஆண்டுவரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஸ்கேன் சென்டரில் வேலை செய்யும் நர்ஸ் கண்ணைக் காட்டினாலும் அதே கதிதான்.

கேள்வி: பூச்சிமருந்து குடித்தவரைக் கூட்டிவந்தவர்கள், "தெரியாம குடிச்சிட்டார்னு எழுதுங்க" என்று கெஞ்சினார்கள். என்ன எழுதுவது?
(மாணவி, ஊத்தங்கரை)

பதில்: யார் என்ன சொன்னார்களோ அதை, அவர்கள் வார்த்தையிலேயே எழுது: "தவறுதலாகக் குடித்ததாக உடன் வந்த அண்ணன் கூறினார்", நேரம். நோயாளி வேறு மாதிரி சொன்னால் அதையும் தனியாக எழுது. உன் யூகத்தை எழுதாதே. டாக்டர் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போடுவார், போலீசுக்குத் தகவல் போகும். வாந்தி, வயிறு கழுவிய நீர், மருந்து பாட்டில் எதையும் கொட்டிவிடாதே. அந்தக் குடும்பத்திடம் ஒன்றைச் சொல்: 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை. கேசுக்குப் பயந்துதான் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள்.

கேள்வி: படிப்பு முடிந்ததும் தனியார் மருத்துவமனையில் உடனே சேர்ந்துவிடலாமா? ரிஜிஸ்ட்ரேஷன் அப்புறம் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழையும் கேட்கிறார்கள்.
(மாணவி, அரூர்)

பதில்: முதலில் ரிஜிஸ்ட்ரேஷன். தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு தாதியர் கவுன்சில் 1926-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. அங்கே பெயர் ஏறிய பிறகுதான் நீ சட்டப்படி நர்ஸ். மேலே சொன்ன மலேரியா ஊசி வழக்கைப் படி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள். கடைசி வருடத்தில் அலைகிறவர்கள் எல்லாம் இதற்குத்தான் அலைகிறார்கள். ஒரிஜினலைக் காட்டு, சரிபார்க்கட்டும், கையோடு வாங்கிவிடு. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. அதைப் பிடித்துவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நிர்வாகம் வற்புறுத்தினால், பெற்றுக்கொண்டதாக லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல். எழுதித் தருகிறார்களா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுது.